ஒரு சட்டைக்கு எத்தனை நாள் சம்பளம் கொடுப்பீங்க?

மடிப்புக்கலையாதவன் (இழையைத் தொடங்கியவர்)

மூணு வாரமா என் அலமாரியில ஒரு சட்டை பெட்டியோட இருக்கு. மகன் வாங்கிக் கொடுத்தது. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துட்டான். பார்த்ததும் மறுபடி மூடி வச்சுட்டேன். என் கணக்குல அது மூணு நாள் சம்பளம்.

எனக்குன்னு நான் வாங்கினப்போ அரை நாள் சம்பளத்தைத் தாண்டினதே இல்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை, கை தானா அங்க நின்னுடும். செருப்புக்கு அப்படி நிக்காது, மொபைலுக்குச் சுத்தமா நிக்காது. சட்டைக்கு மட்டும் ஏன்னு தெரியலை.

அதான் கேக்கறேன், ஒரு சட்டைக்கு எவ்வளவு வரை போவீங்க? ஒரே ஒரு நிபந்தனை. தொகையைச் சொல்லாதீங்க. பல நாட்டுல இருந்து எழுதறோம், ஒருத்தருக்கு மலையா இருக்கறது இன்னொருத்தருக்குச் சில்லறை. உங்க ஒரு நாள் சம்பளத்துல எத்தனை பங்குன்னு மட்டும் சொல்லுங்க.

சாயம்போனவன்

கால் நாள். அதுக்கு மேல போனா எனக்குக் காய்ச்சல் வந்துடும்.

ஒத்தப்பட்டன்

இவரு சொல்றது உண்மை. பேரே சாட்சி.

நான் அரை நாள். தள்ளுபடின்னு எழுதியிருந்தா முக்கால் நாள். தள்ளுபடியில வாங்கும்போதுதான் அதிகமா செலவாகுதுங்கறதை இப்ப டைப் பண்ணும்போதுதான் கவனிக்கறேன்.

எதிர்நாற்காலி

ரெண்டு நாள். கூச்சமில்லாம சொல்றேன். என் வேலை விற்பனை. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு எதிர்ல உட்கார்றேன். மேஜைக்கு மேல அவங்களுக்குத் தெரியறது என் முகம், காலர், கைமுனை, அவ்வளவுதான். காலர் தொங்கிப் போயிருந்தா நான் பேசறதுலயும் பாதி தொங்கிடும். இது செலவில்லை, தொழில் கருவி.

சாயம்போனவன்

அப்போ மேஜைக்குக் கீழ எத்தனை நாள் சம்பளம்?

எதிர்நாற்காலி

அது உங்களுக்குத் தேவையில்லாத விவரம் 😀

சிவப்புமை

தொழில் கணக்கு எழுதறது, அதனால கையைக் கட்டிட்டு இருக்க முடியலை.

வாரம் ஒரு தடவை போடற சட்டை, வருஷத்துக்கு 52 தடவை. அரை நாள் சட்டை ஒன்றரை வருஷம் தாங்குதுன்னு வைங்க, ஏறக்குறைய 80 தடவை. மடிப்புக்கலையாதவன் சாருக்கு வந்த மூணு நாள் சட்டை அதைவிட ஆறு மடங்கு விலை. ஒரு தடவை போடறதுக்கு ஆகற செலவு ரெண்டுக்கும் ஒண்ணா வரணும்னா அதை 480 தடவை போடணும். வாரம் ஒரு முறைன்னா ஒன்பது வருஷத்துக்கு மேல.

ஒன்பது வருஷம் உழைக்கிற சட்டை உண்டா? இருந்தா நான் மூணு நாள் கொடுக்கத் தயார். இல்லைன்னா ஒரு நாளோட நிறுத்திக்கறேன்.

ஒத்தப்பட்டன்

சட்டை ஒன்பது வருஷம் இருக்கும் சார். நம்ம வயிறு அதே அளவுல ஒன்பது வருஷம் இருக்குமா? என் அலமாரியில கிழிஞ்ச சட்டை ரெண்டு, பத்தாம போன சட்டை ஏழு.

நூல்கண்டு

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். சிவப்புமை கேட்டதற்கு நேரான பதில்: இல்லை. வாரம் ஒரு முறை போட்டுத் துவைக்கும் எந்தப் பருத்திச் சட்டையின் காலரும் ஒன்பது வருடம் தாங்கி நான் பார்த்ததில்லை. உடம்புத் துணி நன்றாகவே இருக்கும். காலர் மடிப்பின் விளிம்பு நைந்துவிடும். தாடி முள், கழுத்து வியர்வை, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் விழும் இஸ்திரி மடிப்பு, மூன்றும் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. சட்டையின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் காலர் விளிம்பின் ஆயுள்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விலை ஏற ஏற ஆயுளும் ஏறிக்கொண்டே போகாது. ஒரு கட்டம் வரை ஏறும், பிறகு இறங்கும். காரணம் நூல். 453 கிராம், அதாவது ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜ நீள நூல் சுருள் (சிட்டம்) எத்தனை கிடைக்கிறதோ அதுதான் கவுண்ட். 40 கவுண்ட் என்றால் அந்த ஒரு பவுண்டில் சுமார் 31 கிலோமீட்டர் நூல். 100 கவுண்ட் என்றால் அதே பஞ்சில் சுமார் 77 கிலோமீட்டர். எவ்வளவு மெல்லியதாகிவிட்டது பாருங்கள். இவ்வளவு மெல்லிசாக நூற்க நீள இழைப் பருத்தி வேண்டும். பிமா, எகிப்து ரகங்கள் எல்லாம் அந்த இனம். உலகில் விளையும் பருத்தியில் அது சிறு பங்குதான், அதனால் விலை கூடுகிறது. இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கி இரட்டைப் புரியாக நெய்தால் உறுதியும் வரும், மினுமினுப்பும் வரும். 80, 100 இரட்டைப் புரி வரை நீங்கள் கொடுக்கும் காசுக்குப் பொருள் இருக்கிறது. 140, 160 என்று போனால் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும், சீக்கிரம் நைந்தும் போகும். கடையில் அதுதான் விலை உயர்ந்தது. ஆக, கடைசி ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து நீங்கள் ஆயுளைக் குறைத்து வாங்குகிறீர்கள்.

எதிர்நாற்காலி

நூல்கண்டு ஐயா, சுருங்காத சட்டைன்னு ஒண்ணு கூடுதல் விலைக்கு விக்கறாங்களே? நான் அதுதான் வாங்கறேன். காலையில இஸ்திரி போட நேரமில்லை.

நூல்கண்டு

நேரத்தை வாங்குகிறீர்கள் என்றால் சரி. உழைப்பை வாங்குகிறோம் என்று நினைத்தால் தப்பு. பருத்தி இழைகளுக்கு நடுவே பிசின் மாதிரி ஒரு ரசாயனத்தை ஏற்றிச் சூட்டில் இறுக்குகிறார்கள். இழை நகராது, அதனால் கசங்காது. ஆனால் நகர முடியாத இழை மடித்தால் முறியும். அந்த முறையில் துணியின் வலு கணிசமாகக் குறைகிறது. உங்கள் பழைய சட்டை ஒன்றை எடுத்துக் காலர் மடிப்பையும் கஃப் விளிம்பையும் பாருங்கள், முதலில் வெள்ளைக்கோடு விழுந்திருக்கும்.

எதிர்நாற்காலி

பார்த்தேன். நாலு சட்டையில மூணுல கோடு இருக்கு. இன்னிக்குத் தூக்கம் போச்சு.

ரெட்டைநாடி

எல்லாரும் 'எவ்வளவு வரை போவீங்க'ன்னு விருப்பம் மாதிரி பேசறீங்க. என் சைஸ் ஆளுக்கு அது விருப்பம் இல்லை. எனக்குக் கழுத்து சரியா இருந்தா கை முழங்கால் வரை தொங்கும். வயிறு சரியா இருந்தா தோள் ரெண்டு பக்கமும் இறங்கும். ரெடிமேட்ல ஏறாத பட்டனை ஏத்தி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ட்ரையல் ரூம்ல நின்ன அனுபவம் உங்களுக்கு இருக்கா? ஒரு தடவை ஒரு கடையில விற்பனைப் பையன், 'உங்களுக்கு மேல் மாடியில பாருங்க சார்'னான். மேல் மாடியில இருந்தது படுக்கை விரிப்பு.

அதனால ஒன்றேகால் நாள். துணி எடுத்துத் தைச்சுக்கறேன். ஆசைப்பட்டு இல்லை, கட்டாயம்.

ஒத்தப்பட்டன்

சிரிச்சதுக்கு மன்னிச்சுடுங்க அண்ணே. படுக்கை விரிப்பு ரொம்ப ஓவர்.

கத்தரிக்கோல்

ரெட்டைநாடி மாதிரி ஆளுங்கதான் எங்க கடையை இன்னும் ஓட்டிட்டிருக்காங்க. நான் தையல்காரன். முப்பது வருசம். ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறேன்.

துணிக்கடையில ரெண்டு நாள் சம்பளத்தைக் கேள்வி கேக்காம கொடுத்துட்டு வருவாங்க. துணியை என் மேஜையில விரிச்சு, 'பார்த்துத் தைங்க மாஸ்டர், இம்போர்டட்'னு சொல்லுவாங்க. கூலியைச் சொன்னதும் முகம் மாறும். 'என்ன மாஸ்டர் இவ்வளவா?' 58 இன்ச் அகலத் துணியா இருந்தா 1.60 மீட்டர்ல முழுக்கைச் சட்டை வரும், 36 இன்ச் அகலம்னா ரெண்டேகால் மீட்டர் வேணும். அதை வெட்டி, கோடு போட்ட துணின்னா பாக்கெட்ல கோட்டுக்குக் கோடு சேர்த்து, தோள்பட்டி பொருத்தி, காலர் முனை ரெண்டும் ஒரே கூர்மையா திருப்பி, காஜா போட்டு, எல்லாம் முடிக்க எனக்கு அரை நாள் ஆகும். பேக்டரியில ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக் கொடுத்துச் சீக்கிரம் முடிச்சுடுவாங்க. அந்த வேகம் எனக்கு வராது, வரவும் வேண்டாம்.

ஒருத்தர் என்கிட்ட கூலியில பத்துல ஒரு பங்கு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்னார். வெளியில அவரு காரு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

நூல்கண்டு

மாஸ்டர் சொன்னது சரி. தொழிற்சாலையில் ஒரு முழுக்கைச் சட்டையின் தையல் நேரம் எல்லா இயந்திரமும் சேர்த்து 20 முதல் 25 நிமிடம். காலர் செய்பவர் நாள் முழுக்கக் காலர் மட்டும்தான் செய்வார்.

சாயம்போனவன்

20 நிமிஷ வேலைக்கு ரெண்டு நாள் சம்பளம் கேக்கறாங்க. நான் கால் நாளோட இருக்கறதுல என்ன தப்பு?

நூல்கண்டு

தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால் நாள் எங்கிருந்து மிச்சமாகிறது என்றும் பாருங்கள். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு உள்ளே போகச் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நான் ஒரு தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தேன். சுவரைத்தான் முதலில் பார்த்தேன்.

சாயம்போனவன்

அது என் மனசையும் உறுத்துது. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நாள் சட்டை வாங்கினா அந்தக் கூடுதல் காசு தைக்கிற அம்மாவுக்குப் போகுதா?

நூல்கண்டு

இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டடத்தில் மலிவு விலைக்காரர்களுக்கும் தைத்தார்கள், பெயர் பெற்ற பிராண்டுகளுக்கும் தைத்தார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரே வரிசையில், ஒரே ஆட்கள், காலையில் ஒரு லேபிள், மதியம் இன்னொரு லேபிள். கடையில் இரண்டின் விலையும் ஒன்றுக்கு மூன்று. தைத்தவர் கூலியில் வித்தியாசமே கிடையாது. விலைச்சீட்டைப் பார்த்துக் கூலியைக் கண்டுபிடிக்க முடியாது.

சாயம்போனவன்

நன்றி. சண்டை போட வந்தேன், போட முடியலை.

பழங்கணக்கு

தொடங்கியவர் கேட்ட 'ஏன் கை அங்கேயே நிற்கிறது' என்ற கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். 1776இலேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதே சட்டையைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறார். உயிர் வாழ லினன் சட்டை அவசியமில்லை, பழைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு தினக்கூலிகூட அது இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான் என்கிறார். ஆக, நாம் சட்டைக்குக் கொடுப்பது வெட்கப்படாமல் இருப்பதற்கான விலை. யாருக்கு முன்னால் வெட்கப்படுவோமோ அவர்களைப் பொறுத்து அது மாறும். எதிர்நாற்காலிக்கு இரண்டு நாள், சாயம்போனவனுக்குக் கால் நாள். ஒருவருக்கொருவர் புரியாது.

இன்னொன்று. காலர்தான் முதலில் போகிறது என்பதும் பழைய தலைவலிதான். 1827 வாக்கில் அமெரிக்காவின் ட்ராய் நகரில் ஹானா மாண்டேக் என்ற பெண்மணி, கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காவதற்காக முழுச் சட்டையையும் துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், காலரை வெட்டித் தனியே துவைத்துக் கட்டிவிட்டார் என்பார்கள். கழற்றி மாட்டும் காலர் அப்படித்தான் பிறந்ததாம். அந்த ஊரே காலர் நகரம் என்று பெயர் வாங்கிவிட்டது.

ஈரக்கொடி

கடைசியா துவைக்கிற ஆளைப் பத்தி ஒருத்தர் பேசினீங்க, அதனால நானும் வர்றேன்.

இந்த இழையில இவ்வளவு பேர் கால் நாள், அரை நாள், ரெண்டு நாள்னு எழுதியிருக்கீங்களே, இதுல எத்தனை பேர் உங்க சட்டையை நீங்களே வாங்கறீங்க? என் வீட்டுல கல்யாணமாகி 19 வருஷம், அவரு தனியாப் போய் வாங்கினது மூணு சட்டை. மூணும் நீலக்கட்டம். மீதி எல்லாம் நான், என் அக்கா, அவரு தங்கச்சி. 'எவ்வளவு'ன்னு கேப்பார். பாதி சொல்லுவேன். 'அவ்வளவா!'ன்னு நெஞ்சைப் பிடிச்சுட்டு, மறுநாளே போட்டுட்டுப் போவார். ஆபீஸ்ல யாராவது கேட்டா அந்தப் பாதியில பாதி சொல்லுவாராம். அவரு நண்பர் மனைவி சொன்னாங்க.

உங்க வரம்புன்னு நீங்க நினைக்கறது உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையோட வரம்பு.

சிவப்புமை

என் கணக்குப் புத்தகமே ஆட்டம் கண்டுடுச்சு. மனைவிகிட்ட கேட்டுட்டு வர்றேன்.

ஒத்தப்பட்டன்

போகாதீங்க சார், போனவங்க யாரும் திரும்பினதில்லை.

எதிர்நாற்காலி

அக்கா சொல்றது நியாயம்தான், ஆனா என் சட்டையை நானே வாங்கறேன். ரெண்டு நாள் கொடுத்தும் சில சமயம் ஏமாந்திருக்கேன். ஒண்ணு நாலாவது துவைப்புல காலர் மேல கொப்புளம் கொப்புளமா வந்துடுச்சு. கடையில 'நீங்க துவைச்ச விதம்'னுட்டாங்க. நல்லது கெட்டது எப்படிப் பார்க்கறது?

நூல்கண்டு

அது துவைத்த விதம் இல்லை. காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் துணியைச் சூடு வைத்துப் பசையால் ஒட்டுவார்கள். சூடோ அழுத்தமோ நேரமோ குறைந்திருந்தால் பசை சரியாகப் பிடிக்காது, சில துவைப்பில் விட்டுவிடும். உள்துணியும் மேல்துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினாலும் இதேதான். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம்.

தெரிகிற இடங்கள் இருக்கின்றன. சட்டையை உள்பக்கம் திருப்புங்கள், முதல் வேலை அதுதான். பக்கவாட்டுத் தையலில் துணியின் வெட்டு விளிம்பு உள்ளே மடிந்து மறைந்திருக்க வேண்டும். பிசிறும், விளிம்பைச் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையலும் தெரிந்தால் அது அரை நாளுக்கு மேல் பெறாது. பிறகு உங்கள் கட்டைவிரல் அகலத்தை ஏறக்குறைய ஓர் அங்குலமாக வைத்துத் தையலை எண்ணுங்கள். நெருக்கமான தையல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 18க்கு மேல் இருக்கும், சாதாரணமானதில் 12 அல்லது 14. நெருக்கமாகப் போட நேரம் ஆகும், நேரம்தான் காசு, அதை ஏமாற்ற முடியாது. பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பிப் பட்டன் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பட்டனுக்குப் பின்னால் நூல்முனை நீட்டிக்கொண்டிருந்தால் கடைக்காரர் பார்க்காதபோது மெதுவாக இழுங்கள். சங்கிலித் தையலாக இருந்தால் முழுவதும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும்.

நெறியாளர்

கடைகளில் பட்டன் பிடுங்குவதற்கு இந்தத் தளம் பொறுப்பல்ல.

ரெட்டைநாடி

கன்னத்துல பட்டனை வச்சுப் பார்த்துட்டிருந்தேன். என் பொண்ணு போட்டோ எடுத்துட்டா.

கத்தரிக்கோல்

காலர் நைஞ்சா சட்டையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய ஆளுங்களுக்குத் தெரியும். காலரைப் பட்டியில இருந்து பிரிச்சு, திருப்பிப் போட்டுத் தைச்சுடலாம். அடிப்பக்கம் மேல வரும், புதுசு மாதிரி இருக்கும். இன்னும் ஒரு வருசம் ஓடும். காலர் முனையில பட்டன் போடற மாடலா இருந்தா முடியாது, காஜா ஓட்டை காட்டிக்கொடுத்துடும். அடியில குச்சி சொருகற பை இருந்தாலும் கஷ்டம். அடித்துணி வேற கலர்ல இருந்தா, அது உங்க தைரியம். முன்ன வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். இப்ப வருசத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு.

சிவப்புமை

திரும்பி வந்துட்டேன். நான் அரை நாள்னு நினைச்சுட்டிருந்த சட்டைகள் எல்லாம் ஒன்றரை நாளாம். மேற்கொண்டு கணக்குப் போட மனசில்லை.

மடிப்புக்கலையாதவன்

ரெண்டு நாளா படிச்சுட்டிருந்தேன், இப்பதான் எழுதறேன். நேத்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். 14 சட்டை. மாத்தி மாத்திப் போடறது அஞ்சு. மீதி ஒன்பதும் 'நல்லது, அப்புறம் போடலாம்'னு எடுத்து வச்சது. அதுல ஒண்ணு மடிப்புலயே மஞ்சக்கோடு விழுந்துடுச்சு. போடாமலே பழசாயிடுச்சு. சிவப்புமை சார் கணக்குப்படி பூஜ்யத்தால வகுக்கணும்.

மகன் கொடுத்ததை இன்னிக்குப் பிரிச்சேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிசிறு இல்லை. கட்டைவிரல் வச்சு எண்ணினேன், மூணு தடவை எண்ணினேன், மூணு தடவையும் வேற வேற எண்ணிக்கை வந்தது, ஆனா எல்லாமே 18க்கு மேல. பட்டன் ஜில்லுனு இருந்தது. போட்டுட்டு வேலைக்குப் போனேன். காலையில பேனாவைப் பையில வைக்கலை, கையிலயே வச்சிருந்தேன். மதியத்துக்கு மேல மறந்து வச்சுட்டேன், ஒண்ணும் ஆகலை. பக்கத்து சீட்டு நண்பர் 'புதுசா, எவ்வளவு?'ன்னார். பாதி சொன்னேன். ஈரக்கொடி அம்மா மன்னிக்கணும், வாய் தானா சொல்லிடுச்சு.

ஈரக்கொடி

விலைச்சீட்டுல இருந்த விலையில பாதியா, இல்லை மகனுக்கு மருமகள் சொன்ன விலையில பாதியா?

மடிப்புக்கலையாதவன்

அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா. அதனாலதான் விலைச்சீட்டோட கொடுத்திருக்கான்.

கத்தரிக்கோல் மாஸ்டர், அந்த அஞ்சுல ரெண்டு சட்டைக்குக் காலர் நைஞ்சிருக்கு, பட்டன் காலர் இல்லை. திருப்பிப் போட என்ன கூலி ஆகும்? ரெண்டு சட்டை இருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.

கத்தரிக்கோல்

ஆரம்பிச்சுட்டீங்களா.